சீகையை வெட்டியாச்சு, புல் எங்கே?

கேள்வி: உதகைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஓர் ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. தாத்தா காலத்தில் வெறும் புல்வெளி. பிறகு சீகை (வாட்டில்) மரம் மண்டிவிட்டது. முறையாக அனுமதி வாங்கி மூன்று வருஷத்துக்கு முன் மரங்களை வெட்டினோம். பழைய புல் திரும்பும் என்று பார்த்தால் சீகைக் கன்றும் யூப்பட்டோரியக் களையும்தான் முளைக்கின்றன. “மண் செத்துப்போச்சு, தொழு உரமும் கொஞ்சம் யூரியாவும் போடுங்க” என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். போடலாமா?
- வாசகர், நீலகிரி

பதில்: போடாதீர்கள். காய்கறி வைப்பவருக்கு அது நல்ல யோசனை. உங்கள் நிலத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) தேவைக்கு மேல் சேர்ந்திருக்கிறது. சிக்கலில் பாதி அதுதான்.

மழை பெய்து மண் இளகியிருக்கும்போது ஒரு சீகைக் கன்றை மெல்லப் பிடுங்கிப் பாருங்கள். சல்லிவேரில் கடுகளவில் முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியா அதற்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிலக்கடலை வேரில் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி. மலையில் மஞ்சளாகப் பூக்கும் ஸ்காட்ச் புரூமும் முள் கோர்ஸும்கூட இதே பயறுக் குடும்பம்தான்.

சீகை 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்தது. தோல் பதனிடும் பட்டைக்காகப் போன நூற்றாண்டின் நடுவில் புல்வெளிகளில் பெரிய அளவில் நட்டார்கள். மரம் இல்லாத இடமெல்லாம் தரிசு என்ற கணக்கு! அத்தனை வருஷமாக விழுந்த இலை மக்கி மக்கி மண்ணில் தழைச்சத்து ஏறியிருக்கிறது. மரத்தை வெட்டினீர்கள், அது சேர்த்து வைத்தது அங்கேயே இருக்கிறது.

மேல்மலைப் புற்கள் சிக்கனத்துக்குப் பழகியவை. குளிரில் மக்கு மெதுவாகத்தான் சிதையும். அது சொட்டுச் சொட்டாக விடும் சத்தை வைத்துக்கொண்டு இந்தப் புற்கள் குத்துக் குத்தாக நிதானமாக வளரும். அள்ளிக் கொடுத்தாலும் அவற்றுக்கு வேகம் வராது. யூப்பட்டோரியமும் கிக்கூயு புல்லும் வேறு ரகம். கிடைத்ததை உடனே இலையாக்கிப் பக்கத்துச் செடியின் வெளிச்சத்தை மறைத்துவிடும். நீங்கள் போடும் யூரியா அவற்றின் பந்திக்குத்தான் போகும்.

ஹவாயிலும் இதே கதைதான். அங்கே இளம் எரிமலை மண்ணில் வேர்முடிச்சுள்ள உள்ளூர் மரம் கிடையாது. போர்ச்சுகீசியர் கொண்டுபோன ஃபயா மரம் பரவியதும், மண்ணில் ஆண்டுதோறும் சேரும் நைட்ரஜன் நான்கு மடங்குக்கு மேல் ஏறியதாக சூழலியலாளர் பீட்டர் விட்டவுசெக்கின் குழு 1987-ல் எழுதியது.

அதற்காக எல்லாப் பழியையும் தழைச்சத்தின் தலையில் போட முடியாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். ஆகவே குப்பையை அங்கேயே கொளுத்த வேண்டாம். இலையும் இளங்கிளையும்தான் தழைச்சத்து மூட்டை. காய்ப்பதற்கு முன்பே கன்றைப் பிடுங்கி, நிலத்துக்கு வெளியே கொண்டுபோய் மக்கவிடுங்கள்.

மரத்தூள் தூவினால் மண்ணிலுள்ள தழைச்சத்து குறையும் என்று சிலர் சொல்வார்கள். பொய்யில்லை. தூளில் கரிமம் அதிகம், தழைச்சத்து சொற்பம். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தமக்குப் பற்றாத தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துத் தம் உடம்பில் வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் இதற்காகச் சர்க்கரையைக்கூடக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள்! பலித்ததும் உண்டு, பலிக்காததும் உண்டு. பலித்தாலும் நெடுநாள் நிற்பதில்லை. ஏக்கர் முழுக்கச் செலவழிக்காமல் ஒரு சிறு பாத்தியில் பாருங்கள்.

புல் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். மலைப்புல் விதை சேகரித்து நாற்று வளர்த்து, களை எடுத்த இடத்தில் மழைக்காலத் தொடக்கத்தில் நெருக்கமாக நடுங்கள். கால் ஏக்கரில் தொடங்கினால் போதும். சோலை ஓரமாகப் பழைய சீகை மிஞ்சியிருந்தால் அதை வெட்ட அவசரமில்லை. பழனி மலையில் அத்தகைய தோப்பு நிழலிலேயே சோலைக் கன்றுகள் வளர்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கன்று பிடுங்கும் வேலையை ஒரு வருஷம்கூட விட்டுவிடாதீர்கள். யூரியா மூட்டையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பக்கத்துத் தோட்டக்காரருக்கே கொடுத்துவிடுங்கள். அவர் கேரட்டுக்கு ஆகும்.