படிப்பும் அணிவகுப்பும்

கல்லூரி மைதானம். மாலை நேரம். காக்கிச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். தலையில் தொப்பி. தொப்பியின் ஓரத்தில் சிவப்பு இறகு. ஒருவர் உரத்த குரலில் "சாவ்தான்" என்கிறார். எல்லோரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். "விஷ்ராம்" என்கிறார். கால்களை அகட்டி, கொஞ்சம் தளர்ந்து நிற்கிறார்கள்.

இவர்கள் ராணுவ வீரர்களா? இல்லை. அன்று காலையில் வகுப்பில் உட்கார்ந்து கணக்கும் வரலாறும் படித்த பிள்ளைகள்தான். வாரத்தில் சில மணி நேரம் ராணுவப் பயிற்சியும் பெறுகிறார்கள். இந்தப் படைக்குத் தேசிய மாணவர் படை என்று பெயர். ஊரில் என்.சி.சி. என்று சொன்னால்தான் தெரியும். அசாமிலும் ராஜஸ்தானிலும் ஒடிசாவிலும் இதே சீருடைதான். எந்த மாநிலமானாலும் அணிவகுப்பில் சொல்லும் சொற்கள் இந்தியில்தான் இருக்கும். நாடு முழுவதும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் இதில் இருக்கிறார்கள்.

இதில் சேர ஒரு படிவம் உண்டு. அதில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கும். பிள்ளை விரல் வைத்துக் காட்டும் இடத்தில் பலர் கையெழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். முன்பு கைநாட்டு வைத்தார்கள். இப்போது கையெழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒரு வீட்டில் நடந்த பேச்சைப் படியுங்கள்.

"அம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா."

"என்னடி இது?"

"காலேஜ்ல என்.சி.சி.ல சேரப் போறேன். ஊர்ப் பிள்ளைங்க நாலு பேரு சேர்றாங்க."

"பட்டாளத்துல சேர்க்குறதா? சண்டை வந்தா உன்னையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்களா?"

மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"சிரிக்காதடி. பதில் சொல்லு. படிப்பு என்ன ஆகும்? அதையும் சொல்லு."

அம்மா கேட்ட இரண்டும் சரியான கேள்விகள். முதல் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டில் தேசிய மாணவர் படைச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தப் படையில் உறுப்பினர் என்ற காரணத்துக்காக மட்டும் யாரையும் போர்ப் பணிக்கு அழைக்க முடியாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் போருக்கு அனுப்ப மாட்டார்கள். படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இடையில் முடியவில்லை என்றால் எழுதிக் கொடுத்து விலகலாம். சான்றிதழ் கிடைக்காது, அவ்வளவுதான்.

1965, 1971 போர்களின்போது இந்த மாணவர்கள் என்ன செய்தார்கள்? வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்கு உதவினார்கள். சாலையில் போக்குவரத்தைச் சரிசெய்தார்கள். மீட்புப் பணியில் ஈடுபட்டார்கள். அந்தப் போர்களிலும் அவர்கள் வேலை பெரும்பாலும் படைக்குப் பின்னால் நின்று உதவுவதாகவே இருந்தது.

படிப்போடு ராணுவப் பயிற்சி என்பது புதிய யோசனை அல்ல. முதல் உலகப்போர் நடந்த காலத்திலேயே, 1917ல், கல்கத்தா பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு பயிற்சிப் பிரிவு வந்தது. அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் தத்துவம் படித்த ஒரு மாணவர் அதில் சேர்ந்தார். அதற்கு முன் வங்காளப் படைப்பிரிவில் சேரப் போய், கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். கூடாரத்தில் தங்கினார். துப்பாக்கி சுடப் பழகினார். பாடத்தையும் விடவில்லை. 1919ல் பி.ஏ. தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். அந்த மாணவர் யார் தெரியுமா? சுபாஷ் சந்திர போஸ். பின்னாளில் இந்திய தேசிய ராணுவத்தை வழிநடத்தியவர். தம்மிடம் துப்பாக்கி பிடிக்கக் கற்றவர் தங்களையே எதிர்ப்பார் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் நினைத்திருக்க மாட்டார்கள்!

சுதந்திரம் வந்த பிறகு, 1948ல் என்.சி.சி. தொடங்கியது. மறு ஆண்டே பெண்களுக்கும் தனிப்பிரிவு வந்தது. 1962ல் சீனாவோடு போர். அடுத்த ஆண்டு, 1963ல், கல்லூரி மாணவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். விருப்பம் உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் மைதானத்தில் நிற்க வேண்டியதாயிற்று. அது சரியாக நடக்கவில்லை. 1968ல் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து விரும்பினால் சேரலாம், அவ்வளவுதான். அதுவே நல்லது. மனமில்லாத பிள்ளையை வெயிலில் நிறுத்தி என்ன பயன்? 1969ல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. ராணுவப் பயிற்சி வேண்டாம், ஊருக்குத் தொண்டு செய்கிறேன் என்கிற மாணவர்கள் அதில் சேர்கிறார்கள்.

இனி அம்மாவின் இரண்டாவது கேள்வி. படிப்பு என்ன ஆகும்? இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. கணக்கில்தான் இருக்கிறது.

கல்லூரியில் என்.சி.சி. பயிற்சி மூன்று ஆண்டு. இரண்டாம் ஆண்டு முடிவில் 'பி' சான்றிதழ்த் தேர்வு. மூன்றாம் ஆண்டில் 'சி' சான்றிதழ்த் தேர்வு. அதனால் முதலாண்டிலேயே சேர்வது நல்லது. அணிவகுப்பு, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது, துப்பாக்கியைப் பிரித்துச் சேர்ப்பது, பாயிண்ட் 22 ரைபிளில் சுடுவது, முதலுதவி இவையெல்லாம் பாடங்கள். வாராந்தரப் பயிற்சியில் நூற்றுக்கு 75 வருகை இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். முகாமுக்கும் போயிருக்க வேண்டும்.

வாராந்தரப் பயிற்சியால் படிப்புக்குப் பெரிய தொந்தரவு இல்லை. வகுப்பு முடிந்த பிறகோ சனிக்கிழமையிலோ நடக்கும். வீடு திரும்ப நேரமாகும். கிராமத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இது முக்கியம். துணைக்கு இன்னொரு பிள்ளை இருந்தால் நல்லது.

முகாம்தான் கவனிக்க வேண்டியது. ஆண்டு முகாம் 10 நாள் நடக்கும். விடியுமுன் எழுந்து ஓட வேண்டும். தட்டைக் கையில் பிடித்து வரிசையில் நின்று சாப்பிட வேண்டும். சாப்பாட்டுச் செலவு அரசுடையது. மாணவிகளுக்குத் தனித் தங்குமிடம் உண்டு. அந்த 10 நாளும் கல்லூரி வேலை நாளில் வந்தால் என்ன ஆகும்?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் நூற்றுக்கு 75 நாள் வகுப்புக்கு வந்தால்தான் தேர்வு எழுதலாம். ஒரு பருவத்தில் 90 நாள் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

90 × 75 ÷ 100 = 67½. அதாவது 68 நாள் வர வேண்டும்.

90 − 68 = 22. ஆக, 22 நாள் வராமல் இருக்கலாம்.

முகாம் 10 நாள். காய்ச்சல் 6 நாள். அறுவடைக்கு வீட்டில் நின்றது 5 நாள். அக்கா கல்யாணம் 3 நாள்.

10 + 6 + 5 + 3 = 24.

இரண்டு நாள் கூடிப்போயிற்று! தேர்வுச் சீட்டு வராது. நன்றாகப் படிக்கிற பிள்ளையாக இருந்தாலும் அந்தப் பருவம் போயிற்று.

இதற்கு வழி உண்டு. முகாம் நாளை 'ஆன் டூட்டி' என்று எழுதி, வகுப்புக்கு வந்த நாளாகவே கணக்கில் சேர்க்கும் வழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. அப்படிச் சேர்த்தால் வராத நாள் 14 மட்டுமே. பயம் இல்லை. ஆனால் இது தானாக நடப்பதில்லை. முகாமில் கொடுக்கும் சான்றைக் கொண்டுவந்து, என்.சி.சி. ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி, துறைத்தலைவரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்த தாளுக்கு ஒரு நகல் கையில் இருக்க வேண்டும். இந்த ஒரு தாளைக் கொடுக்காமல் விட்டுப் பிள்ளைகள் தவிப்பது உண்டு. கல்லூரியில் இந்த வழக்கம் இருக்கிறதா என்று முகாமுக்குப் போகும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. போய்வந்த பிறகு கேட்டால் பயன் குறைவு.

இன்னொன்று தில்லியில் நடக்கும் குடியரசு தின முகாம். இதற்குத் தேர்வாவது பெரிய பெருமை. ஜனவரி மாதம் முழுக்க அங்கேதான். அதற்கு முன் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தேர்வு முகாம்கள் நடக்கும். ஒவ்வொன்றும் பல நாள். வரலாறு படிக்கும் பிள்ளை விட்ட பாடத்தை நண்பரின் நோட்டைப் பார்த்துப் படித்துவிடலாம். வேதியியல் படிக்கும் பிள்ளை விட்ட செய்முறை வகுப்பை யார் நோட்டைப் பார்த்துச் செய்வது? கடைசி ஆண்டில் இருப்பவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும். போகக் கூடாது என்பதல்ல. ஆசிரியரிடம் பேசி, விட்ட சோதனைகளை எப்போது செய்யலாம் என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

சீருடைக்குச் செலவாகுமா? முன்பு உடையைத் துணியாகவோ தைத்தோ கொடுத்தார்கள். சீருடைப் பணத்தை மாணவரின் வங்கிக் கணக்கிலேயே போடும் முறை 2022ல் வந்தது. அதனால் பிள்ளை பெயரில் கணக்கு இருக்க வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு போன்ற நோய் இருந்தால் படிவத்தில் மறைக்கக் கூடாது. வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்? வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 'சி' சான்றிதழ் வேலை உத்தரவு அல்ல. ஆனால் சில கதவுகளைத் திறக்கும். 2022ல் வந்த அக்னிவீர் திட்டத்தில் நான்கு ஆண்டு ராணுவப் பணி. அதற்கு ஆள் எடுக்கும்போது என்.சி.சி. சான்றுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. அதிகாரியாகவும் ஆகலாம். 'சி' சான்றில் 'பி' கிரேடாவது வாங்கியவர், தரைப்படை அதிகாரிக்கான எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே தேர்வு வாரியத்தின் முன் போக ஒரு தனி வழி இருக்கிறது. அங்கே ஐந்து நாள் சோதிப்பார்கள். தேறினால் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி. நாட்டின் எந்த மூலையிலிருந்து தேர்வானாலும் இந்த வழியில் வருபவர் அங்கேதான் வருவார். பெண்களும் வரலாம். ஆனால் பெண்களுக்கான இடங்கள் மிகக் குறைவு.

இதில் ஒரு நிபந்தனை. பட்டப்படிப்பில் நூற்றுக்கு 50 மதிப்பெண் வேண்டும். 'சி' சான்றிதழ் கையில் இருந்து, பட்டத்தில் 48 வாங்கினால் இந்த வழி மூடிவிடும். என்.சி.சி.க்காகப் படிப்பை விட்டவருக்கு என்.சி.சி.யின் பலனும் கிடைக்காது.

அம்மா பயந்தது போல, அழைத்தால் போகவேண்டிய பகுதி நேர ராணுவமும் ஒன்று இருக்கிறது. அது வேறு. அதன் பெயர் டெரிட்டோரியல் ஆர்மி. பிராந்திய ராணுவம் என்றும் சொல்வார்கள். இதற்கும் சட்டம் வந்தது 1948ல்தான். 1949 அக்டோபர் 9ஆம் நாள், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி இதை முறையாகத் தொடங்கிவைத்தார். இதில் இருப்பவர்கள் வேறு வேலையோ தொழிலோ செய்கிறவர்கள். ஆண்டில் சில வாரம் பயிற்சிக்குப் போவார்கள். போர் வந்தாலோ வேறு அவசரம் வந்தாலோ அரசு அழைக்கும். போகத்தான் வேண்டும். 2025 மே மாதத்தில் இப்படி அழைத்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசு தரைப்படைத் தளபதிக்குக் கொடுத்தது. பணி முடிந்து திரும்புகிறவரை முதலாளி மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இதில் அதிகாரியாகப் பட்டம் முடித்திருக்க வேண்டும், வருமானம் தரும் வேலையும் இருக்க வேண்டும். ஆகவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை இதைப் பற்றிப் பிறகு யோசித்தால் போதும்.

பிள்ளை கொண்டுவரும் படிவத்தில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். என்.சி.சி.யா? எந்த முகாம்? எந்த ஊர்? எத்தனை நாள்? படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதோடு உங்கள் மொழியில் ஒரு கடிதமும் கொடுக்கலாம். இப்படி எழுதலாம்:

நாள்: ..............

பெறுநர்: என்.சி.சி. ஆசிரியர் அவர்கள், .............. கல்லூரி.

ஐயா,
என் மகள் .............. உங்கள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். .............. ஊரில் .............. முதல் .............. வரை நடக்கும் முகாமுக்குப் போக எனக்குச் சம்மதம். முகாம் நாட்களை வகுப்பு வருகையில் சேர்க்க வேண்டுகிறேன். அதற்கு என்ன தாள் கொடுக்க வேண்டும் என்று மகளிடம் தெரிவிக்கவும். அவசரத்துக்குப் பேச வேண்டிய தொலைபேசி எண்: ..............

இப்படிக்கு,
.............. (தாய் / தந்தை)

பயிற்சி

1. மேலே உள்ள கடிதத்தை உங்கள் நோட்டில் எழுதுங்கள். கோடிட்ட இடங்களை நிரப்புங்கள்.

2. ஒரு பருவத்தில் 80 நாள் வகுப்பு. நூற்றுக்கு 75 நாள் வர வேண்டும். முகாம் 10 நாள். முகாமைக் கணக்கில் சேர்க்காவிட்டால், மேலும் எத்தனை நாள் விடுப்பு எடுக்கலாம்? சேர்த்தால் எத்தனை நாள்?