கௌபோய் ஊரில் பேய்க்கு என்ன வேலை?

கௌபோய் படம் என்றதும் நம் கண்முன் வருவது குதிரை, தொப்பி, துப்பாக்கி, புழுதி பறக்கும் ஒற்றைத் தெரு. பேய்ப் படம் என்றதும் வருவது இருட்டு, பாழடைந்த வீடு, கிறீச்சிடும் கதவு. ஒன்று பட்டப்பகலின் கதை. மற்றையது நள்ளிரவின் கதை. இவ்விரண்டையும் கலந்த படங்களும் அமெரிக்காவில் எடுக்கப்பட்டுள்ளன. அவை வெறுமனே பயங்காட்டும் படங்கள்தானா, அவற்றில் நாம் சிந்திக்க ஏதேனும் உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கௌபோய் படத்தின் களம்

19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட படங்களே பெரும்பாலும் ‘வெஸ்டர்ன்’ எனப்படுகின்றன. 1903இல் எட்வின் எஸ். போர்ட்டர் இயக்கிய ‘த கிரேட் ட்ரெயின் ரொபரி’ இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகும். 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், ஐந்து வருடங்கள் தங்கியிருந்து பயிர்செய்வோருக்கு 160 ஏக்கர் வரை நிலம் வழங்கியது. அது வெறுமையாகக் கிடந்த நிலமன்று. பூர்வீகக் குடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, பின்னர் விரட்டப்பட்ட நிலம். பல இடங்களில் நிலமும் தங்கமும் தேடிய மக்கள் முதலில் வந்தார்கள். சட்டமும் நீதிமன்றமும் பின்னரே வந்தன.

இந்த இடைவெளியில்தான் கௌபோய் கதாநாயகன் பிறக்கிறான். ஊரில் அநீதி நடக்கும். நேர்மையான ஷெரிப்போ மார்ஷலோ துணிந்து நிற்பார். முடிவில் நீதி வெல்லும். ஆனால், அந்த மார்ஷலையே ஊர் கொன்றுவிட்டால்? அப்போதுதான் கதைக்குள் பேய் நுழைகிறது.

விளையாட்டாய்த் தொடங்கியது

ஆரம்பத்தில் இக்கலவை பெரும்பாலும் பொழுதுபோக்காகவே இருந்தது. 1959இல் வெளிவந்த ‘கேர்ஸ் ஒஃப் தி அன்டெட்’ படத்தில் இரத்தம் குடிக்கும் துப்பாக்கி வீரன் ஒருவன் வருகிறான். 1966இல் வில்லியம் பியூடின் ‘பில்லி த கிட் வேர்ஸஸ் ட்ரகுலா’வை இயக்கினார். 1969இன் ‘த வேலி ஒஃப் குவாஞ்சி’யில் கௌபோய்கள் கயிறு வீசிப் பிடிக்க முயல்வது மாட்டையல்ல, டைனோசரை!

மௌனமாக இருந்த ஊர்

1973இல் கிளின்ட் ஈஸ்ட்வூட் இயக்கி நடித்த ‘ஹை ப்ளெய்ன்ஸ் டிரிஃப்டர்’ வேறு வகையானது. இதில் எம் வயதினருக்குப் பொருந்தாத காட்சிகள் உள்ளதால் வாப்பா பார்க்க விடவில்லை. கதையை மட்டும் சொன்னார்.

லாகோ என்னும் சிற்றூர் ஒரு சுரங்கத்தால் பிழைக்கிறது. அச்சுரங்கம் அரசாங்க நிலத்தில் இருப்பதை மார்ஷல் கண்டறிகிறார். உண்மை வெளிவந்தால் பிழைப்புப் போய்விடும். எனவே அவர் நடுத்தெருவில் சவுக்கால் அடித்தே கொல்லப்படுகிறார். ஊரார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னர் பெயரில்லாத அந்நியன் ஒருவன் குதிரையில் வருகிறான். ஊர் முழுவதற்கும் சிவப்பு வர்ணம் பூசச் செய்து, பெயர்ப்பலகையில் ‘நரகம்’ என எழுதுகிறான். அவன் மார்ஷலின் ஆவிதானா? படம் நேரடியாகச் சொல்வதில்லை. ஆனால் அவன் புறப்படும் வேளையில்தான் மார்ஷலின் பெயரற்ற புதைகுழிக்கு அவர் பெயர் பொறித்த பலகை கிடைக்கிறது.

கதையைக் கேட்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பேய்க்குப் பயந்தல்ல. நான் ஒன்பதாம் தரத்தில் படித்தபோது, ஒரு டியூசன் வகுப்பில் காசு காணாமற் போனது. ஒரு மாணவி மீது பழி விழுந்தது. இடைவேளை முழுவதும் அவள் என் பக்கத்திலேயே இருந்தாள். அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்களே என்று நான் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவள் வரவில்லை. அதன்பின் வரவே இல்லை. லாகோ ஊராரை மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்த நான், அவர்கள் நடுவில் நானும் நிற்பதைக் கண்டேன்.

வாய் திறந்தவர்கள்

1985இல் ஈஸ்ட்வூட் இயக்கிய ‘பேல் ரைடர்’ படத்தை வாப்பாவோடு இருந்து பார்த்தேன். கலிபோர்னியாவில் ஏழைத் தங்கம் தேடுவோரைப் பெரிய சுரங்க முதலாளி ஒருவர் விரட்ட முயல்கிறார். ஒரு சிறுமி உதவி கேட்டுப் பிரார்த்திக்கிறாள். போதகர் ஒருவர் குதிரையில் வருகிறார். அவரது முதுகில் ஆறு குண்டுத் தழும்புகள்! அத்தனை குண்டுபட்டும் ஒருவர் உயிரோடிருக்க முடியுமா என்று நாம் திகைக்கிறோம்.

அம்முதலாளி பெரும் நீர்த்தாரையைப் பாய்ச்சி மலையையே கரைத்துத் தங்கம் எடுக்கிறார். இது கற்பனையல்ல. கலிபோர்னியாவில் இம்முறையால் ஆறுகள் சேறும் கல்லும் நிறைந்து, தாழ்நில வயல்களில் வெள்ளம் புகுந்தது. உண்மை வரலாற்றில் அதை நிறுத்த எந்த ஆவியும் வரவில்லை. பாதிக்கப்பட்ட நில உரிமையாளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1884இல் நீதிபதி லொரன்ஸோ சோயர், சுரங்கக் கழிவை ஆறுகளில் விடுவதைத் தடைசெய்து தீர்ப்பளித்தார்.

முடிவுரை

இவ்விரு படங்களையும் அந்தத் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. உயிரோடிருப்பவர்கள் பேச மறுத்த இடத்தில்தான் கதாசிரியர்களுக்குப் பேய் தேவைப்படுகிறது. உயிரோடிருப்பவர்கள் பேசினால் பேய்க்கு அங்கே வேலையில்லை.

பெற்றோர்களே, பேய்ப் படம் பார்த்தால் பிள்ளை பயந்துவிடும் என்று நீங்கள் கவலைப்படுவது நியாயமே. வயதுக்கேற்ற படமா என்று பார்த்துத் தெரிவு செய்யுங்கள். முடிந்தால் பக்கத்தில் இருந்து பாருங்கள். படம் முடிந்ததும் “பயந்தாயா?” என்று மட்டும் கேட்காமல், “அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?” என்றும் கேளுங்கள். வாப்பா என்னிடம் அப்படித்தான் கேட்டார்.

அந்த மாணவியின் வீடு எங்கே என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.