உழவர் நிறுவனங்கள் ஜி.எஸ்.டி. ரிட்டர்னை நாள் தவறாமல் தாக்கல் செய்யும் முறை

நிலக்கடலையில் களையெடுக்க வேண்டிய வாரத்தைத் தவறவிட்டால், பிறகு எத்தனை ஆள் விட்டாலும் போன மகசூல் திரும்புவதில்லை. ஜி.எஸ்.டி. கணக்கும் அப்படிப்பட்டதே. உரிய நாளில் செய்தால் செலவில்லாத வேலை. நாள் கடந்தால் அபராதம், வட்டி, சரக்குத் தேக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் இந்த நஷ்டம் பங்குத்தொகை கட்டிய சிறு விவசாயிகளையே சேர்கிறது. ஆகவே நிர்வாகிகள் இம்முறையைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

யாருக்குத் தேவை?

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறையில் உள்ளது. தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் தனி விவசாயி இதில் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் சட்டம் "விவசாயி" என்று கூறுவது தனிநபரையும் இந்துக் கூட்டுக் குடும்பத்தையும் மட்டுமே. பல விவசாயிகள் சேர்ந்து அமைத்த கம்பெனிக்கு இச்சலுகை கிடையாது.

சரக்கு மட்டும் விற்போருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை ரூ.40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். உரம், மருந்து, எண்ணெய் போன்ற வரியுள்ள பொருள்களோடு காய்கறி, விதை போன்ற வரியில்லாப் பொருள்களையும் விற்றால், இந்த வரம்பைக் கணக்கிட இரண்டு விற்பனையையும் கூட்ட வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. வரியுள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால் வரம்பு பார்க்காமல் பதிவு செய்ய வேண்டும். 25 கிலோவும் அதற்குக் குறைவாகவும் பையில் அடைத்து லேபிள் ஒட்டிச் சில்லறையில் விற்கும் அரிசி, பருப்புக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி உண்டு.

நினைவில் கொள்ள வேண்டிய தேதிகள்

மாதந்தோறும் தாக்கல் செய்வோர், விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர். 1 படிவத்தை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள்ளும், வரி கட்டும் படிவமான 3பி-யை 20ஆம் தேதிக்குள்ளும் தாக்கல் செய்ய வேண்டும்.

ஆண்டு விற்பனை ரூ.5 கோடி வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். இது 2021 ஜனவரி முதல் உள்ளது. இவர்களுக்கு ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களில் 13ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 1-க்கும், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை 22ஆம் தேதி 3பி-க்கும் கெடுவாகும். ரிட்டர்ன் மூன்று மாதத்துக்கு ஒன்று என்றாலும் வரி அப்படியல்ல. முதல் இரண்டு மாதங்களின் வரியை அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் சலான் மூலம் கட்டிவிட வேண்டும்.

தாக்கல் செய்யும் வரிசை

1. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் நுழைந்து, ரிட்டர்ன் பகுதியில் ஆண்டையும் காலத்தையும் தேர்ந்தெடுக்கவும்.

2. முதலில் ஜி.எஸ்.டி.ஆர். 1. பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போட்ட பில்களைத் தனித்தனியாக அவர்களது எண்ணுடன் பதியவும். ஓர் எண் பிசகினாலும் வாங்கியவருக்கு வரி வரவு கிடைக்காது. அடுத்த முறை அவர் வேறு இடம் தேடுவார்.

3. 14ஆம் தேதி தயாராகும் 2பி பட்டியலைக் கொள்முதல் பில்களுடன் ஒப்பிடவும். அதில் வராத பில்லுக்கு வரவு எடுக்க முடியாது. விற்றவரிடம் உடனே தெரிவிக்கவும்.

4. பின்னர் 3பி-யைச் சரிபார்த்து, வரவு போக மீதி வரிக்குச் சலான் போட்டுப் பணம் கட்டவும். சலான் போடுவது பணம் கட்டியதாகாது. பணம் ரொக்கக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பின்பே தாக்கல் செய்ய இயலும். வங்கி வழியாக அனுப்புவோர் கடைசி நாள்வரை காத்திருக்கக் கூடாது.

5. கம்பெனிகள் டிஜிட்டல் கையொப்பமிட்டே தாக்கல் செய்ய வேண்டும். தாக்கலானதும் கிடைக்கும் ஒப்புகை எண்ணைப் பதிவேட்டில் எழுதி வைக்கவும்.

தாமதத்தின் விலை

வரி உள்ள 3பி-க்கு நாளொன்றுக்கு ரூ.50, வரி ஏதும் இல்லையென்றால் ரூ.20 தாமதக் கட்டணம். முந்தைய ஆண்டு விற்பனை ரூ.1.5 கோடி வரை உள்ளவர்களுக்கு ரிட்டர்ன் ஒன்றுக்கு அதிக அளவு ரூ.2,000, வரியில்லா ரிட்டர்னுக்கு ரூ.500. இதை ரொக்கமாகவே கட்ட வேண்டும். பாக்கி வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி.

உதாரணமாக, ரூ.80 லட்சம் விற்பனையுள்ள ஒரு நிறுவனம், ரூ.60,000 வரிப் பாக்கியுடன் 30 நாள் தாமதமாகத் தாக்கல் செய்வதாகக் கொள்வோம். தாமதக் கட்டணம் ரூ.1,500; வட்டி சுமார் ரூ.888, ஆக ரூ.2,388 வீண். ரிட்டர்ன் முடியாவிட்டாலும் கெடுவுக்குள் பணத்தை ரொக்கக் கணக்கில் செலுத்தியிருந்தால், அத்தொகைக்கு வட்டி இராது. கட்டணம் மட்டும் உண்டு.

பணநஷ்டத்தைவிடப் பெரியது சரக்கு நிற்பது. ஒரு ரிட்டர்ன் நின்றால் அடுத்ததைத் தாக்கல் செய்ய முடியாது. தொடர்ந்து இரண்டு நின்றால் இ-வே பில் போட முடியாது. கேரளத்துக்கு ஏற்றிய எண்ணெய் லாரி கிடங்கிலேயே நிற்கும். மூன்று மாதமுறையில் தொடர்ந்து இரண்டு ரிட்டர்னும், மாதமுறையில் ஆறு மாத ரிட்டர்னும் தவறினால் பதிவே ரத்தாகலாம். கெடு முடிந்து மூன்றாண்டுகள் கடந்த ரிட்டர்னைத் தாக்கல் செய்யவே இயலாது.

தவிர்க்கும் வழி

* இணையதளத்தில் பதிந்த செல்போன் எண், மின்னஞ்சல் ஆகியவை நிறுவனத்துடையதாக இருக்கட்டும். ஆடிட்டர் அலுவலக எண் மட்டும் இருந்தால் எச்சரிக்கைச் செய்தி நிர்வாகிகளுக்கு வந்து சேராது.

* டிஜிட்டல் கையொப்பம் காலாவதியாகும் நாளைக் குறித்து, ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கவும்.

* பில்களை வாரந்தோறும் பதிந்து, மாதம் பிறந்த 5ஆம் தேதிக்குள் ஆடிட்டரிடம் ஒப்படைக்கவும்.

* விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. பதிவு பெற்ற செல்போனிலிருந்து 14409 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியும் இதை முடிக்கலாம். வரியில்லாக் காய்கறி விற்றிருந்தால் அது விற்பனையே. அதற்கு இவ்வழி பொருந்தாது.

* ஒவ்வொரு இயக்குநர் குழுக் கூட்டத்திலும் கடைசி ஒப்புகை எண்ணையும் தேதியையும் வாசிக்கச் செய்யவும்.

அலுவலகச் சுவரில் நாட்காட்டி ஒன்றை மாட்டி, 13, 22, 25 ஆகிய தேதிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பது சிறு வேலைதான். உறுப்பினர்களின் பணம் அபராதமாகப் போகாமல் காக்க அதுவே முதற்படி.