ஐபி பாடத்திட்டம்: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்காக நாடு விட்டு நாடு மாறுகிறவர்களின் பிள்ளைகளுக்கு, எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் ஏற்கும் ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. அதற்காக 1968-இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்டது ஐபி எனப்படும் இன்டர்நேஷனல் பேக்கலரியேட். இந்தியாவில் 1976-இல் முதலில் அனுமதி பெற்றது கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்.

படி 1: பெயர்ப்பலகையை நம்பாதீர்கள்

'இன்டர்நேஷனல்' என்று எழுதியிருந்தாலே ஐபி பள்ளி ஆகிவிடாது. தொடக்க நிலையான பிஒய்பி (3–12 வயது), நடுநிலையான எம்ஒய்பி (11–16), டிப்ளமா (16–19) ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். எதற்கு அனுமதி இருக்கிறது என்பதை ஐபி இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

படி 2: வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள்

பிஒய்பியில் ஆறு பெருங்கருப்பொருள்களை வைத்தே ஆண்டு நகர்கிறது. தண்ணீரை எடுத்தால், வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் செலவாகிறது என்பது கணக்கு, ஆவியாதல் அறிவியல், ஆற்று நீருக்கு ஊர்கள் ஏன் சண்டையிடுகின்றன என்பது சமூகவியல். கேள்வி கேட்பது பிள்ளையின் வேலை. "நோட்டில் ஒன்றுமே எழுதலையே?" என்று பாட்டி கேட்பார், அதில் நியாயமும் உண்டு. ஆசிரியர் தேர்ந்தவராக இல்லாவிட்டால் இந்த முறை வெறும் சார்ட் ஒட்டும் வேலையாகிவிடும்.

படி 3: டிப்ளமாவின் கணக்கு

ஆறு பாடங்கள், பாடத்துக்கு 7 புள்ளி. குறைந்தது மூன்றை 240 மணி நேர உயர்நிலையில் படிக்க வேண்டும். மற்றவை 150 மணி நேரம். 4,000 சொல் வரையிலான ஆய்வுக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாட்டுப் பாடத்துக்கும் சேர்த்து 3 புள்ளி. ஆக மொத்தம் 45. தேர்ச்சிக்கு 24 புள்ளியோடு வேறு சில நிபந்தனைகளும் உண்டு. கலை, உடற்பயிற்சி, தொண்டு மூன்றையும் சேர்த்த 'காஸ்' பகுதிக்குப் புள்ளி கிடையாது. ஆனால் அதை முடிக்காமல் டிப்ளமாவும் கிடையாது.

படி 4: கல்லூரியிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள்

வெளிநாட்டுப் படிப்புக்கு இது நல்ல பாதை. இங்கேயே மருத்துவம் என்றால் நிதானியுங்கள். மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். வழக்கமான டிப்ளமா அமைப்பில் மூன்றையும் சேர்ப்பது கடினம். நீட் கேள்விகளும் என்சிஇஆர்டி பாடங்களை ஒட்டியே வருகின்றன. இங்கே மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு சிபிஎஸ்இ அல்லது மாநிலப் பாடத்திட்டமே மேல்.

படி 5: பணம் கட்டுமுன்

சென்ற ஆண்டு மாணவர்களின் டிப்ளமா சராசரியை எழுத்தில் கேளுங்கள். உலக சராசரி 30-ஐ ஒட்டியே இருக்கும். சொல்ல மழுப்பினால் வேறு பள்ளி பாருங்கள்.