வாலிபர்களின் நண்பர்

சென்னையில் விஜயவாடா போகும் ரயிலில் ஏறுங்கள். சூளூர்ப்பேட்டையைத் தாண்டினால் நாயுடுபேட்டை வரும். காளத்தி வழியாக ஓடிவரும் பொன்முகலி ஆற்றின் கரையில் உள்ள ஊர் இது. தெலுங்கில் அந்த ஆற்றுக்குச் சுவர்ணமுகி என்று பெயர். முன்பு இந்த ஊர் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022-ஆம் ஆண்டு திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஊரில் தெலுங்குதான் அதிகம். தமிழும் காதில் விழும்.

நாயுடுபேட்டைக்குப் பக்கத்தில் மேனகூரு என்ற இடம் இருக்கிறது. அங்கே தொழிற்சாலைகள் வந்துவிட்டன. வேலை தேடி இளைஞர்கள் வருகிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்குகிறார்கள். பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று நாட்கள் ஓடுகின்றன. அப்பா, அம்மா ஊரில் இருக்கிறார்கள். சம்பளம் கையில் வருகிறது. கேட்பதற்கு ஆள் இல்லை.

இந்தப் பக்கம் தேவாலயங்களுக்குப் பழைய வரலாறு உண்டு. 1860-களில் ஜெர்மனியிலிருந்து ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் ஊழியர்கள் சூளூர்ப்பேட்டைக்கும் நாயுடுபேட்டைக்கும் வந்தார்கள். அவர்கள் வழியில் வளர்ந்ததுதான் தென் ஆந்திர லுத்தரன் சபை. இன்று வேறு பல சபைகளும் இருக்கின்றன. பெரிய சபைகளில் எல்லாருக்கும் ஒரு போதகர் இருப்பார். வாலிபர்களைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரும் இருப்பார். அவரை வாலிபர் ஊழியர் என்பார்கள். வாலிபர் போதகர் என்றும் சொல்வது உண்டு. சம்பளம் அதிகம் இருக்காது. வேலைக்கு நேரம் காலமும் கிடையாது.

அவர் என்ன வேலை செய்கிறார்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுக் குழுவை நிற்க வைக்கிறார். சனிக்கிழமை மாலை வாலிபர் கூட்டம் நடத்துகிறார். கிறிஸ்துமஸ் நேரத்தில் வீடு வீடாகப் பாட்டுப் பாட அழைத்துப் போகிறார். இவை எல்லோருக்கும் தெரிந்த வேலைகள்.

தெரியாத வேலைகள்தான் அதிகம். போன வாரம் யார் வரவில்லை என்று பார்த்து வைத்துக்கொள்வார். அவர்கள் தங்கும் அறைக்குப் போவார். யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் போய் உட்காருவார். அவசரமாக ரத்தம் தேவை என்றால் ஆள் திரட்டுவார். பத்தாம் வகுப்பில் தவறிய பையனிடம் மறுதேர்வு எழுதச் சொல்லிப் பேசுவார். பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் பேசும் பெற்றோரிடம், அவள் படிக்கட்டும் என்று எடுத்துச் சொல்வார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு நடப்பது ஒன்று உண்டு. ஒரு பையன் மட்டும் போகாமல் நிற்பான். ஜமக்காளம் மடிக்க உதவுவான். மெதுவாக வாயைத் திறப்பான்.

“அண்ணா, ஒரு விஷயம்.”

“சொல்லு தம்பி.”

“வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.”

என்ன விஷயமாக இருக்கும்? இந்தக் காலத்தில் பல நேரம் அது செல்போன் கடனாக இருக்கிறது. அவன் செல்போன் மூலம் சிறு தொகை கடன் வாங்கியிருப்பான். வட்டியும் அபராதமும் சேர்ந்து அது பல மடங்கு ஆகியிருக்கும். இப்போது கடன் கொடுத்தவர்கள் மிரட்டுகிறார்கள். அவன் படத்தை அசிங்கமாக மாற்றி உறவினர்களுக்கு அனுப்பப் போவதாகச் சொல்கிறார்கள். அவனுக்கு இரவில் தூக்கம் இல்லை. வாழவே பிடிக்கவில்லை என்கிறான்.

இந்த இடத்தில்தான் ஊழியரின் திறமை தெரியும். “ஏன் வாங்கினாய்?” என்று சத்தம் போட்டால் அந்தப் பையன் இனி வரமாட்டான். மறுவாரம் அவன் பெயரைச் சொல்லாமல் அதைப் பிரசங்கத்தில் பேசினாலும் வரமாட்டான். ஜெபம் செய்து அனுப்பிவிட்டாலும் போதாது. மிரட்டுபவர்கள் மறுநாளும் போன் செய்வார்கள். நல்ல ஊழியர் முதலில் முழுவதையும் கேட்பார். பிறகு அவனோடு சேர்ந்து 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்வார். இணையம் வழியாக நடக்கும் பண மோசடியைப் புகார் செய்யும் எண் அது. போலீஸ் நிலையத்துக்கும் கூடவே போவார். மனம் உடைந்து சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விடமாட்டார். 14416 என்ற எண்ணும் இருக்கிறது. மனநல ஆலோசனைக்காக 2022-ல் மத்திய அரசு தொடங்கிய இலவசச் சேவை அது. தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். ஊழியர் டாக்டர் அல்ல. டாக்டரிடம் அழைத்துப் போவது அவர் வேலை.

இந்த வேலை எப்படித் தொடங்கியது?

இது ஒரு துணிக்கடையில் தொடங்கியது என்றால் நம்புவீர்களா? லண்டன் நகரம். 1844-ஆம் ஆண்டு. ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவர் விவசாயக் குடும்பத்துப் பையன். ஊரை விட்டு வந்து துணிக்கடையில் வேலை பார்த்தார். வயது 22. அந்தக் காலத்தில் கடைப் பையன்கள் காலை முதல் இரவு வரை நின்று வேலை செய்வார்கள். கடையிலேயே நெருக்கமாகப் படுத்துத் தூங்குவார்கள். வெளியே போனால் தெரு, இல்லாவிட்டால் சாராயக் கடை. மேனகூருக்கு வரும் இளைஞர்களின் நிலைமைக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

வில்லியம்ஸ் தன்னைப் போன்ற கடைப் பையன்களைச் சேர்த்தார். ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள், ஜெபித்தார்கள், பேசினார்கள். அதுதான் கிறிஸ்தவ வாலிபர் சங்கம். ஒய்.எம்.சி.ஏ. என்று நாம் சொல்கிறோம். அது உலகம் முழுவதும் பரவியது. சென்னையில் 1890-ல் தொடங்கியது. விளையாட்டும் அதன் வேலையாக இருந்தது. நம் ஊர்த் திடலில் வலை கட்டி வாலிபால் ஆடுகிறார்களே, அந்த ஆட்டத்தை 1895-ல் அமெரிக்காவில் ஓர் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்தான் உருவாக்கினார். அவர் பெயர் வில்லியம் மார்கன்.

அதே 1895-ல் நம் நாட்டில் ஓர் இளைஞர் இந்தச் சங்கத்தில் ஊழியராகச் சேர்ந்தார். அவர் ஒரு தமிழர்.

வெள்ளாளன்விளைப் பையன்

அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி பிறந்தார். ஊர் வெள்ளாளன்விளை. இப்போது அது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. தந்தை கிராமத்துப் போதகர். அவர் சீக்கிரமே இறந்துபோனார். தாய் எலன் கண்டிப்பாக வளர்த்தார்.

அசரியா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். ஆனால் தேர்வு நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போயிற்று. பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டார். இதே மனிதருக்குப் பிற்காலத்தில், 1920-ல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது!

ஏறத்தாழ 14 ஆண்டுகள் அவர் வாலிபர்களிடையே வேலை செய்தார். ரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போனார். கல்லூரி மாணவர்களைச் சந்தித்தார். கூட்டம் நடத்தினார். அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எடி என்பவர் அவருக்கு உற்ற நண்பர் ஆனார். எடி தமிழ் கற்றுக்கொண்டு தமிழிலேயே பேசினார். வெள்ளைக்காரரும் இந்தியரும் சமமாகப் பழகுவது அந்தக் காலத்தில் அபூர்வம்.

1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே கண்டது அவரை யோசிக்க வைத்தது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே பணம் சேர்த்துத் தமிழ்நாட்டின் தொண்டிப் பகுதிக்கு ஊழியர் அனுப்பியிருந்தார்கள். வெள்ளைக்காரர் பணத்தை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. நம்மால் ஏன் முடியாது என்று அசரியா கேட்டார். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. சங்கம் தன் ஊழியர்களைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பியது.

போங்கள், போங்கள் என்று அவர் வாலிபர்களிடம் சொல்லிவந்தார். நான் மட்டும் ஏன் போகவில்லை என்ற கேள்வி அவர் மனத்தில் எழுந்தது. மனைவி அன்பு மரியம்மாளும் சம்மதித்தார். அக்காலத்தில் கல்லூரி வாசலை மிதித்த மிகச் சில பெண்களில் ஒருவர் அவர். 1909-ல் அசரியா சங்க வேலையை விட்டார். குருவானவராகி டோர்னக்கல்லுக்குப் போனார். விஜயவாடாவும் கம்மமும் தாண்டி இருக்கும் ஊர் அது. அன்று ஐதராபாத் நிஜாம் ஆட்சியில் இருந்தது. இன்று தெலங்கானா. நாயுடுபேட்டையைத் தாண்டிப் போகும் அதே பெரிய பாதையின் தொடர்ச்சிதான்.

35 வயதில் ஒரு பேச்சு

1910-ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரம். உலகின் பல பகுதிகளில் வேலை செய்த மிஷனெரிகள் மாநாட்டுக்குக் கூடியிருந்தார்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். அசரியாவைப் பேசச் சொன்னார்கள்.

நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நன்றி என்றார். ஆனால் எங்களோடு நண்பர்களாகப் பழகவில்லை என்றார். பல ஆண்டுகள் கூடவே வேலை செய்த இந்தியரை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைக்காதவர்களும் இருக்கிறார்கள் என்றார். எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டார்.

சபை அமைதியானது. சிலருக்குக் கோபம் வந்தது. சிலர் வெட்கப்பட்டார்கள். 14 ஆண்டுகள் வாலிபர்களோடு உட்கார்ந்து பழகியவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். மேலே நின்று கொடுப்பது வேறு. பக்கத்தில் உட்காருவது வேறு.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் அவர் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர்தான். எதிர்ப்பும் இருந்தது. சில வெள்ளைக்காரர்கள் எதிர்த்தார்கள். திருநெல்வேலியிலேயே சில கிறிஸ்தவர்களும் எதிர்த்தார்கள்.

டோர்னக்கல்லில்

அசரியா தெலுங்கு கற்றார். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமங்களுக்குப் போனார். அங்கே சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த கூலி வேலைக்காரர்கள். தீண்டாமைக் கொடுமையில் நொந்தவர்கள். எழுத்து தெரியாதவர்கள். எனவே பாடம் புத்தகத்தில் தொடங்கவில்லை. பாட்டாகவும் கதையாகவும் நாடகமாகவும் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு கிராமம்தோறும் உபாத்தியாயர்கள் வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

குடியைவிடச் சொன்னார் அசரியா. கடனில் விழாதீர்கள் என்றார். மாலாக்களும் மாதிகாக்களும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடாத காலம் அது. அவர்களைச் சேர்ந்து உட்காரச் சொன்னார். அதில் முழு வெற்றி கிடைத்தது என்று சொல்ல முடியாது. சாதி அவ்வளவு சீக்கிரம் போகிற சரக்கா? மதமாற்றம் பற்றிக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அது தனிக் கதை.

ஒரு வழக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும். சமைக்கும்போது வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். அதைச் சபைக்குக் கொண்டுவருவார்கள். கூலிக் குடும்பத்திலும் ஒரு பிடி எடுக்க முடியும் அல்லவா? வாங்கியே பழகியவர்கள் கொடுக்கிறவர்கள் ஆனார்கள்.

1939-ல் டோர்னக்கல்லில் பேராலயம் கட்டி முடிந்தது. அதில் கோயில் தூணும் உண்டு, மசூதியைப் போன்ற கோபுரமும் கும்மட்டமும் உண்டு. 1945 ஜனவரி 1-ல் அசரியா இறந்தார். வெள்ளாளன்விளைக்காரரை டோர்னக்கல் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊரிலிருந்து வேலைக்கு வெளியூர் போன இளைஞர்கள் எத்தனை பேர்? அங்கே அவர்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் யாரிடம் சொல்வார்கள்?

கடனில் மாட்டிய பையன் உங்களிடம் வந்தால் முதலில் என்ன கேட்பீர்கள்?

1930, 14416 ஆகிய இரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.