ஏரிக்கரையிற் பாடம்

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலுக்கு மாணாக்கரை அழைத்துச் செல்லும் உபாத்தியாயர் முதற்கண் பயிற்றவேண்டுவது மௌனமே. ஏரி நிரம்பிய ஆண்டுகளில், மார்கழி முதல் மாசி வரை, நீர்நடுவே நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கூச்சல் கேட்டுத் தாய்ப்பறவை எழுந்து பறக்குமாயின், காப்பற்ற முட்டையைக் காக்கை கவரும். குஞ்சு வெயிலில் வாடும். ஆதலின் நூறு பேரை ஒருங்கே கரையேற்றும் வழக்கத்தை நாம் ஒப்போம். பதின்மருக்கு ஓர் ஆசிரியர் வீதம், சிறு குழுக்களாகவே செல்லுதல் வேண்டும். நீர்ப்புறச் சரிவில் ஒருவரும் இறங்கலாகாது. ஏனையோர் அப்பொழுது வயல்வெளியைக் காண்பாராக. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் நெற்பயிர்க்கு எருவாதலை அங்குள்ள உழவரே விளக்குவர். நூலறிவினும் இவ்விளக்கமே மாணாக்கர் மனத்தில் நிற்பதாம். வேட்டையைத் தடுக்க அவர்தம் முன்னோர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் உத்தரவு பெற்றனர். பறவைகள் வெருளுமென்று அவ்வூரார் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை.