முன்கால் எலும்பு வலி: ஓடிப் பழகும் பிள்ளைகள் கவனத்திற்கு

சம்பா அறுவடை முடிந்து வயல் வேலை குறையும் நாட்களில், நாவலூர், தாழம்பூர், சிறுசேரி வட்டாரத்து விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள் காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகுவதுண்டு. இரண்டாம் நிலைக் காவலர் உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடங்களிலும், பெண்கள் 400 மீட்டர் தூரத்தை 2 நிமிடம் 30 விநாடிகளிலும் ஓடி முடிக்க வேண்டும். நாள் நெருங்குகிறதே என்று தார்ச்சாலையில் திடீரென அதிகம் ஓடுபவர்களுக்கு வருவதே முன்கால் எலும்பு வலி.

காலின் அமைப்பு

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. உட்பக்கத்துப் பருத்த எலும்பே உடல் பாரத்தைத் தாங்குகிறது. வெளிப்பக்கத்து எலும்பு மெல்லியது. பின்புறம் ஆடுசதை இரண்டு அடுக்குகளாக உள்ளது. மேலடுக்கு தொடை எலும்பின் அடியிலும், உள்ளடுக்கு முழங்காலுக்குக் கீழும் தொடங்கி, ஒரே தசைநாணாகக் குதிகாலில் முடிகின்றன. குதிகாலை உயர்த்துபவை இவையே. முன்புறத் தசை பாதத்தை மேலே தூக்குகிறது. ஆடுசதைக்கு அடியில் உள்ள மற்றொரு தசை உள்ளங்கால் வளைவைத் தாங்குகிறது.

வலி ஏன்?

எலும்பும் உயிருள்ள பொருளே. பாரம் கூடும்போது அது பழைய பகுதியை அரித்துவிட்டுப் புதிய எலும்பை இட்டு வலுப்பெறுகிறது. இதற்குச் சில வாரங்கள் தேவை. அதற்குள் மேலும் மேலும் ஓடினால், எலும்பும் அதன் மேலுறையும் நொந்துபோகின்றன. பழக்கும் காளையை யாரும் முதல் நாளே பாரவண்டியில் பூட்டுவதில்லை. காலுக்கும் அதே முறைதான்.

விரல் சோதனை

காலின் உட்புற விளிம்பை விரலால் அழுத்திப் பார்க்கவும். கீழ்ப்பாதியில் நான்கு விரற்கடைக்கு மேல் பரவலாக வலித்தால் பெரும்பாலும் இந்த நோவுதான். ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தாலும், ஒற்றைக்காலில் குதிக்க முடியாவிட்டாலும், இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலும், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும், பாதம் மரத்துப்போனாலும் தாமதிக்கக் கூடாது. இறுக்கிக் கட்டுப்போடுவதும், எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவதும் தீங்காகலாம்.

செய்ய வேண்டியவை

* வலி தீரும் வரை, பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள், ஓட்டத்தை நிறுத்தவும். வலி இல்லாவிடில் சைக்கிள் ஓட்டலாம், நீந்தலாம்.
* பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு வேளைக்கு 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கவும்.
* வலி குறைந்தபின், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்கும் பயிற்சியைத் தினமும் செய்யவும்.
* மீண்டும் ஓடும்போது சமமான மண் தரையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டவும். கோவளம் கடற்கரையின் சரிவான மணல் தொடக்கத்திற்கு ஏற்றதல்ல.
* அடித்தோல் தேய்ந்த காலணியை மாற்றவும்.
* 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. கேழ்வரகுக் கூழும் பாலும் எலும்புக்கு நல்லவை. மாதவிடாய் தவறும் பெண்களுக்கு எலும்பு வலு குறையக்கூடும். அவர்கள் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடி எலும்பு முறிந்தால், பல வாரங்கள் வீணாகும். அந்த ஆண்டுத் தேர்வும் கைநழுவும். தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே மெதுவாகத் தொடங்குவதே சிறந்த வழி.